தெருவிலிருந்து நிலாவுக்கு

கேள்வி: வேலை கிடைக்காத இன்ஜினீயர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பொறியியலுக்கே ஓடுவது ஏன்?

பதில்: அதே தெருவிலிருந்து நிலாவுக்கும் வழி இருக்கிறதே!

விழுப்புரம் வீரமுத்துவேலின் அப்பா ரயில்வே ஊழியர். மகன் முதலில் படித்தது பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பிறகு பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் மேற்படிப்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது, அதன் திட்ட இயக்குநர் அவர்தான். சந்திரயான்-1 திட்டத்தை இயக்கிய மயில்சாமி அண்ணாதுரையும் பொள்ளாச்சி அருகே கோதவாடி கிராமத்துக்காரர். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்.

பெண்களுக்கும் இந்தக் கதவு அன்றே திறந்தது. 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற அ. லலிதா, 1940களில் கிண்டியில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பக்ரா நங்கல் அணையின் மின்சாரப் பணிகளிலும் அவர் உழைப்பு உண்டு.

இன்று, 6 முதல் 12 வரை தமிழக அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை துணிந்து விண்ணப்பிக்க இது போதாதா?

ஆனால் பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. பழுதான மிக்ஸியைக் கண்டால் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும் பிள்ளையா? தாராளமாகச் சேருங்கள். கலந்தாய்வுக்கு முன் கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காமல், ஆய்வகத்தைப் பாருங்கள்.