மொட்டைக் கடுதாசி: 1098க்குப் போன் போட்டது யார்?

பெறுநர்:
மகா கனம் பொருந்திய லைன் பெரியவர்கள் குழு,
டீக்கடை பெஞ்சு, கோலார் தங்கவயல்.

பொருள்: குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்ட துரோகியைக் கண்டுபிடித்தல், தொடர்பாக.

பெரியவர்களே,

நம் லைனில் ஒரு வீட்டுச் சண்டையை வெளியே கொண்டுபோனது யார் என்று நீங்கள் வீடு வீடாக விசாரித்து வருவதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் சிரமத்தைக் குறைக்கவே இதை எழுதுகிறேன்.

லைன் வீட்டின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே கூரை, ஒரே வரிசை, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். முதல் வீட்டில் கடுகு தாளித்தால் நாலாவது வீட்டில் தும்மல். அன்றைக்கு ராத்திரி அந்தப் பத்தாங்கிளாஸ் பையன் மேல் பெல்ட் விழுந்த சத்தம் எத்தனை வீட்டுக்குக் கேட்டிருக்கும்? கேட்ட அத்தனை பேர் மேலும் சந்தேகப்பட வேண்டியதுதான் முறை. ஆகவே முதலில் "எனக்குக் கேட்டது" என்று சொல்பவர்கள் கை தூக்கட்டும். குழுத் தலைவரே தொடங்கி வைக்கலாம். அவர் வீடு மூன்றாவது.

அங்கேதான் சிக்கல், இல்லையா? கேட்கவே இல்லை என்றுதானே இத்தனை மாதம் ஓட்டினோம்.

கேட்பதில் நம் ஊர் பேர் போன ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை முனகினால், பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் வருமா என்று அறிய மேலே கருவி வைத்துக் கேட்டார்கள். பூமி ஒரு குலுங்கு குலுங்கினால் போதும், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். 2001இல் பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். அத்தோடு நம் காதும் மூடிக்கொண்டது போலிருக்கிறது.

இனி, சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வழங்கிய தீர்ப்புக்கு வருகிறேன். பையன் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். "கழட்டுடா பாக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, கையை மடித்துக் காட்டினான். முழங்கைக்கு மேலே பக்கிளின் சதுர அச்சு, நடுவில் முள்ளின் கோடு உட்பட, முத்திரை குத்தியது மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது: "அப்பன்தானே அடிச்சான், இன்னா இப்போ?" பையன் அப்பா காலில் விழ வேண்டும், அப்பா பையனுக்கு பிரியாணி வாங்கித் தர வேண்டும். வழக்கு முடிந்தது.

பெற்றவனுக்கு அடிக்க உரிமை உண்டு என்பது உங்கள் சட்டம். சர்க்கார் சட்டத்திலும் அதற்கு ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு பெற்றோர் செய்யும் காரியம் குற்றமாகாது என்று பழைய இபிகோவின் 89ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 27ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. பையனுக்கு வயது 15. ஜன்னல் சாத்தி மூன்று வருஷமாகிறது.

சிறார் நீதிச் சட்டம் 2015 என்று ஒன்று இருக்கிறது. 18 வயது நிரம்பாத யாரும் அதற்குக் குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே கொடுமை செய்தால் 75ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிரியாணி பற்றி அதில் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு உண்டு. நம்முடையது கோலாரில். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அந்த பெஞ்சுக்கு உண்டு. உங்கள் பெஞ்சில் பெண் கிடையாது. டீ கிளாஸ் கழுவும் அக்காவைச் சேர்த்தால்தான் உண்டு. நலக் குழுவின் முன்னால் பிள்ளையைப் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தலாம், சமூக சேவகர் கொண்டுவரலாம், பிள்ளை தானாகவே நடந்தும் வரலாம். அப்பா கையெழுத்து தேவையில்லை.

"போன் போட்டா புள்ளையப் புடிச்சி ஹோம்ல போட்ருவாங்க" என்று அம்மாக்களை மிரட்டுகிறீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. விடுதி என்பது கடைசி வழி என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. முதலில் குடும்பம், பிறகு சொந்தபந்தம். ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் பாட்டி தகுதியானவர் என்று குழு கருதினால் பையன் அங்கே இருந்தே பரீட்சை எழுதலாம்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. டெல்லிக்கே உங்கள் மேல் பிரியம் வந்த சமயம் உண்டு. 2021 திருத்தத்தில், இதே சிறார் நீதிச் சட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களில் மூன்று முதல் ஏழு வருஷம் வரை தண்டனை உள்ளவற்றை, கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாதவையாக மாற்றிவிட்டார்கள். பைக் காணாமல் போனால் ஸ்டேஷனே நேராக எஃப்ஐஆர் போடும்.

நம் ஸ்டேஷன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே மாவட்டத்துக்குள் கோலாருக்கு ஒரு எஸ்பி, தங்கவயலுக்குத் தனி எஸ்பி. வேறெந்தத் தாலுகாவுக்கு இந்த மரியாதை? எல்லாம் தங்கம் இருந்த காலத்துப் பெருமை. ஷிப்ட் முடிந்து மேலே வருபவனின் வேட்டி மடிப்பு வரை தடவிப் பார்த்த ஊர் இது. தங்கம் போய்விட்டது, எஸ்பி இருக்கிறார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல அதிகாரி என்று ஒருவர், ஏஎஸ்ஐக்குக் குறையாதவர், இருந்தாக வேண்டும் என்கிறது 107ஆம் பிரிவு. பெல்ட் சத்தம் கேட்கும்போது அவரைக் கேட்டுப் போகலாம்.

போன வருஷம் ஒரு பெண்பிள்ளை விஷயத்தையும் இதே பெஞ்சில் முடித்தீர்கள். விவரம் எழுத மாட்டேன். பிள்ளையின் அடையாளத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம், டீக்கடையில் அலசியது நீங்கள்தான். "சொந்தக்காரன்தானே, சீக்கிரமா ஒரு எடத்துல கட்டிக் குடுத்துரு" என்றீர்கள். போக்சோ சட்டம் 2012இல் சொந்தக்காரனாக இருப்பது குற்றத்தைப் பெரிதாக்கும், சின்னதாக்காது. தெரிந்தும் புகார் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. பெஞ்சில் அன்று ஏழு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் கல்யாணமும் கர்நாடகத்தில் செல்லாது. குழந்தைக் கல்யாணச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தத்தின்படி அது நடந்த கல்யாணமாகவே கணக்கில் வராது.

ஆகவே விசாரணையைத் தாராளமாகத் தொடருங்கள். வேண்டுமானால் லைனில் எல்லோருடைய விரல்ரேகையையும் எடுங்கள். 1930இல் சுரங்கக் கம்பெனி அதைக் கேட்டபோது நம் தாத்தாக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; நாங்கள் செய்ய மாட்டோம். விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஆனால் 1098ஐ இப்போது எங்கள் பிள்ளைகளே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். காசு இல்லாமல் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அடுத்த போன் எந்த வீட்டிலிருந்து போகும் என்று என்னாலும் சொல்ல முடியாது.

கடைசியாக, ஒரு கணக்கு பாக்கி. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டம். 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். உங்கள் பெஞ்சில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஏழு டீக்கும் நாலு பன்னுக்கும் பையனின் அம்மா காசு கொடுத்திருக்கிறார். அதைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
சுவருக்கு அந்தப் பக்கம்.