பராந்தகன் காலத்து எக்செல்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். ஏறத்தாழ 1,100 வருஷத்துக்கு முன்னால் அங்கே மகாசபை கூடியது. முதலாம் பராந்தக சோழன் அனுப்பிய அதிகாரியும் வந்து உட்கார்ந்தார். பேச்சு ஒன்றுதான்: ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவான வாரியத்துக்கு யாரைப் போடலாம், அதைவிட முக்கியம், யாரைப் போடவே கூடாது. முடிவைக் கல்லில் வெட்டினார்கள். 'ஃபைல் காணோம்' என்று பின்னால் யாரும் கையை விரிக்க முடியாது.

தேதி? மன்னரின் 14-ஆம் ஆண்டு, 16-ஆம் நாள். புது ராஜா பட்டம் ஏறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சிரிக்காதீர்கள், எக்செல்லும் இதே ஜாதிதான். அதன் பட்டாபிஷேகம் 1900 ஜனவரி 1; அன்றைக்கு நம்பர் 1. காஞ்சி அத்தி வரதர் தரிசனம் தொடங்கிய 2019 ஜூலை 1, அதன் கணக்கில் 43647. சோழர் காலத்துத் தேதி எதைத் தட்டினாலும், 'இது தேதியே இல்லை, வெறும் எழுத்து' என்று செல்லின் இடது ஓரமாக ஒதுக்கிவிடும். இத்தனை கறார் பேர்வழி, பிறக்காத 1900 பிப்ரவரி 29-ஐ மட்டும் பிறந்ததாகவே வைத்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த தப்பு; அதன் ஃபைல்களோடு கணக்கு ஒத்துப்போக வேண்டுமென்று எக்செல் தெரிந்தே அப்படியே வாங்கிக்கொண்டது.

சபையின் விதிகளோ ஃபார்முலாவுக்கென்றே பிறந்தவை. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ்: எக்செல்லின் டேட்டிஃப் ஃபார்முலா போதும். இரண்டு வருஷம் முன்னால் செய்த விதியில் இது 30, 60. நடுவில் ஊர்ப் பெரியவர் யாருக்கோ அறுபதாம் கல்யாணம் ஆகியிருக்கும் போல. மூன்று வருஷத்துக்குள் வாரியம் பார்த்தவருக்கு மறுபடி இடமில்லை: இடேட் போட்டு 36 மாதம் தள்ளினால் தீர்ந்தது. பதவிக்காலம் 360 நாள். வருஷத்துக்கு அத்தனை நாள்தான் என்று எண்ண எக்செல்லில் டேஸ்360 என்று தனி ஃபார்முலாவே உண்டு. சோழ நாட்டுக்காரர் யாராவது எக்செல் செய்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாரோ என்னவோ.

இன்னொரு விதி: வாரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக் குடத்தில் போட்டுக் குலுக்கக் கூடாது. அவர் மட்டுமா? சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மாப்பிள்ளை, மைத்துனன் எல்லாருக்கும் தடை. இதையும் ஃபார்முலாவாக்கி இன்றைய வேட்பாளர் பட்டியலில் ஓட்டிப் பார்க்கலாம். தலைப்பு வரி மட்டும் மிஞ்சும்.