முழுத் தாடையைக் கப்பலில் மறைத்த கதை

அமெரிக்க ஜனாதிபதிகளில் பருமனானவர்களை வரிசையாக உட்கார வைத்தால், முன்வரிசையில் க்ரோவர் கிளீவ்லாண்டுக்கு ஒரு நாற்காலி நிச்சயம். அதுவும் கைப்பிடி இல்லாத நாற்காலி. சொந்தக்காரப் பிள்ளைகள் அவரை ‘ஜம்போ மாமா’ என்று கூப்பிட்டார்கள். ஜம்போ என்பது அந்தக் காலத்தில் சர்க்கஸில் கொடிகட்டிப் பறந்த யானை. இப்பேர்ப்பட்ட ஆளை ஐந்து டாக்டர்களும் ஒரு பல் டாக்டரும் சேர்ந்து, ஊர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். மேல்தாடையில் ஒரு பக்கத்தை அறுத்தெடுத்தார்கள். மீசை கலையாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று நம் பாட்டிகள் சொல்லிவைத்தது, 1893ஆம் வருடத்து அமெரிக்காவைப் பார்க்காத குறைதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், கிளீவ்லாண்ட் உண்மை பேசியே பெரிய ஆளானவர். 1884 தேர்தலில், கல்யாணம் ஆகாமலே அவருக்கு ஒரு பிள்ளை இருப்பதாக எதிர்க்கட்சி கிளப்பிவிட்டது. கட்சிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று கேட்டவர்களுக்கு, உண்மையைச் சொல்லுங்கள் என்று தந்தி கொடுத்தார். பிள்ளைக்குப் பணம் கட்டி வந்ததையும் மறைக்கவில்லை. வேறு எந்த ஊரிலும் டெபாசிட் போயிருக்கும். இவர் ஜெயித்துவிட்டார். 1888இல் தோற்று, 1892இல் மறுபடி ஜெயித்து, இடைவெளி விட்டுத் திரும்பி வந்த முதல் ஜனாதிபதி என்ற பெயரும் வாங்கினார்.

வந்த நேரம்தான் சரியில்லை. ரயில் கம்பெனிகள் மஞ்சள் கடுதாசி கொடுத்துக்கொண்டிருந்தன. 500க்கும் மேற்பட்ட வங்கிகள் அந்த வருடம் படுத்துவிட்டன. காரணம் பல. கிளீவ்லாண்டின் கணக்கில் காரணம் ஒன்றே ஒன்று: 1890இல் வந்த ஷெர்மன் சட்டம். அதன்படி அரசாங்கம் மாதாமாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கியே தீர வேண்டும். அதற்காக அச்சடித்துக் கொடுத்த நோட்டுகளை ஜனங்கள் கொண்டுவந்து தங்கமாக மாற்றிக்கொண்டு போனார்கள். கஜானாவில் தங்கம் கரைந்தது. சட்டத்தை ரத்து செய்யாவிட்டால் நாடு அம்பேல் என்றார் ஜனாதிபதி. வெள்ளிதான் ஏழையின் காசு என்று அவருடைய கட்சியிலேயே ஒரு பெருங்கூட்டம் மல்லுக்கு நின்றது. அந்தக் கூட்டத்தின் ஆள்தான் துணை ஜனாதிபதி அட்லாய் ஸ்டீவன்சன். ஜனாதிபதி கண்ணை மூடினால் மறுநாள் காலை வெள்ளி ஆட்சி.

இந்தச் சமயம் பார்த்து, மேல் அண்ணத்தில் இடது பக்கம், கடைவாய்ப் பற்களை ஒட்டி ஏதோ சொரசொரப்பு ஜனாதிபதிக்குத் தட்டுப்பட்டது. ஜூன் மாதம் டாக்டர் ஓரெய்லி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கால் டாலர் நாணயம் அகலத்துக்குப் புண். கால் டாலர் அன்றைக்கு வெள்ளிக் காசு. வெள்ளியோடு ஊரெல்லாம் சண்டை போட்டவரின் வாய்க்குள்ளேயே வெள்ளிக் காசு அளவில் ஒரு எதிரி கடை விரித்திருந்தான்.

ஸ்கேன் கிடையாது. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கவே இன்னும் இரண்டு வருடம் இருந்தது. தாடைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்கு இருந்தவை கண்ணும் விரலும்தான். புண்ணிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, யாருடைய வாய் என்று சொல்லாமல், ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் மாதிரிதான் இருக்கிறது என்று பதில் வந்தது. நியூயார்க்கிலிருந்து நண்பரும் சர்ஜனுமான ஜோசப் பிரையன்ட் வந்து பார்த்தார். என் வாயில் இருந்தால் உடனே எடுத்துவிடுவேன் என்றார். லேசுப்பட்ட ஆள் இல்லை அவர். மேல்தாடையை எடுத்த 250 கேஸ்களைத் திரட்டி, அவற்றின் சரித்திரத்தையே எழுதியவர். அந்தச் சரித்திரப்படி ஏழு பேரில் ஒருவர் பிழைக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்த ஜனாதிபதி, உண்மையைச் சொல்லச் சம்மதிக்கவில்லை. அதற்கும் நியாயம் இருந்தது. முன்னாள் ஜனாதிபதி கிரான்ட் புற்றுநோயால் 1885இல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்ததை நாடே தினசரியில் படித்திருந்தது. அந்த நோயின் பெயர் வெளியே வந்தால் பங்குச் சந்தை படுத்துவிடும், ஸ்டீவன்சன் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். பிள்ளை விஷயத்தில் உண்மையைச் சொன்னால் போனது மானம் மட்டும்தான். இதில் போவது தங்கம்.

ஆகவே கப்பல். பேங்கர் நண்பர் பெனடிக்டிடம் ஒனைடா என்ற உல்லாசப் படகு இருந்தது. கர்ப்பிணி மனைவி மாசசூசெட்ஸில் பஸர்ட்ஸ் விரிகுடாக் கரை வீட்டில் இருந்தார். ஜூலை 4 சுதந்திர தின விடுமுறை வேறு. ஜனாதிபதி குடும்பத்தைப் பார்க்கக் கடல் வழியாகப் போகிறார் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஜூன் 30ஆம் தேதி, ஷெர்மன் சட்டத்தை ரத்து செய்ய ஆகஸ்ட் 7இல் காங்கிரஸ் சிறப்புக் கூட்டம் என்று அறிவித்துவிட்டு ரயில் ஏறினார். ராத்திரி படகுக்கு வந்தவர் நேரே போய்ப் படுத்தாரா? இல்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்தார். அரசாங்க உத்தியோகம் கேட்டு நச்சரிப்பவர்கள் கனவில்கூட வந்து தொந்தரவு செய்கிறார்கள் என்று டாக்டர்களிடம் அழுதார். வாயில் புற்று, கையில் சுருட்டு, கவலையெல்லாம் சிபாரிசுக் கடிதம்.

கவலைப்பட வேண்டியவர் பிரையன்ட். அவர் படகு கேப்டனிடம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: பாறையில் மோதுவதாக இருந்தால் பலமாக மோது, எல்லோரும் சேர்ந்தே மூழ்கிவிடுவோம். ஜனாதிபதி செத்து டாக்டர்கள் பிழைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் படகு நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியைக் கடந்தபோது, டாக்டர்கள் எல்லோரும் மேல்தளத்திலிருந்து கீழே ஓடி ஒளிந்தார்கள். ஆஸ்பத்திரிச் சகாக்கள் யாராவது ஜன்னலில் நின்று பார்த்துவிட்டால், இவ்வளவு பெரிய புள்ளிகளுக்கு ஒரே படகில் என்ன வேலை என்று கேள்வி வருமே.

ஜூலை 1, நண்பகல் தாண்டிய வேளை. படகின் கூடத்தில் பாய்மரக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு நாற்காலி. அதில் ஜம்போ மாமா. பல் டாக்டர் ஃபெர்டினாண்ட் ஹாஸ்ப்ரூக் சிரிப்பு வாயு கொடுத்து இடது மேல் வரிசையில் இரண்டு பற்களைப் பிடுங்கினார். வாயு போதவில்லை, ஈதர் கொடுத்தார்கள். 56 வயது, தொந்தி, களைத்துப்போன உடம்பு. ஈதரில் மூச்சு நின்றுவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம்.

மேல்தாடையை எடுக்க அன்றைக்கு வழக்கமான வழி, மூக்கோரமாகக் கீறி மேலுதட்டைப் பிளந்து கன்னத்தை ஒதுக்குவது. செய்தால் மீசை போகும், தழும்பு நிற்கும், ரகசியம் சந்தி சிரிக்கும். ஃபிலடெல்ஃபியா சர்ஜன் வில்லியம் கீன், பாரிஸில் வாங்கிய கன்ன விலக்கி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை உதட்டோரத்தில் மாட்டி இழுத்துப் பிடிக்க, பிரையன்ட் வாய் வழியாகவே வேலையை முடித்தார். முன்கடைவாய்ப் பல்லிலிருந்து கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் வரை எலும்பு, கூடவே அண்ணத்தில் ஒரு பகுதி, எல்லாம் வெளியே வந்தன. மேலே இருக்கும் எலும்புக் குழிக்குள் பார்த்தால், அங்கேயும் கூழ் மாதிரி கட்டி புகுந்திருந்தது. அதையும் வழித்தெடுத்தார்கள். கண்ணைத் தாங்கும் எலும்புத் தளத்தை மட்டும் தொடவில்லை. தொட்டிருந்தால் கண் உள்ளே இறங்கி, ஜனாதிபதி ஊருக்கெல்லாம் கண்ணாலேயே உண்மையைச் சொல்லியிருப்பார். ரத்தத்தை வெந்நீராலும் அழுத்தத்தாலும் அடக்கி, ஓரிடத்தில் சூடு வைத்து, பள்ளத்தில் மருந்துத் துணி அடைத்தார்கள். மணி ஒன்று ஐம்பத்தைந்து. ஆடுகிற படகில் சுமார் ஒன்றரை மணி நேர வேலை. எந்தக் காலத்துத் தாடை சர்ஜனும் தொப்பியைக் கழற்ற வேண்டிய வேலை.

படகு ஊழியர்களுக்குச் சொன்ன கதை, ஐயாவுக்குச் சொத்தைப் பல் பிடுங்கினோம் என்பது. ஜூலை 5ஆம் தேதி ஐயா தாமே நடந்து வீட்டுக்குப் போனார். வாய் நிறையத் துணி. பார்க்க வந்த அட்டர்னி ஜெனரல் ஓல்னியிடம், என்னைக் கிட்டத்தட்டக் கொன்றே விட்டார்கள் என்று முனகினார். நிருபர்களிடம் போர்த்துறைச் செயலர் லமான்ட் சொன்னதோ, வாத நோயும் பல் தொந்தரவும். தலைவர் நலமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார், விரைவில் திரும்புவார் என்ற ரக அறிக்கைகளைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூலை 17ஆம் தேதி அதே படகில் ஏற்றிச் சந்தேகமான மிச்சத்தையும் எடுத்தார்கள்.

இனி ஒரே பிரச்சினை பேச்சு. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிட்டதால், பேசினால் எல்லாம் மூக்கு வழியாகவே வந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. காசன் கிப்சன் என்ற நியூயார்க் பல் டாக்டர் அச்செடுத்து, கெட்டிப்படுத்திய ரப்பரில் ஓட்டைக்குக் கச்சிதமாக ஒரு தகடு செய்தார். மாட்டிக்கொண்டதும் குரல் பழையபடி. கன்னமும் உள்வாங்கவில்லை. ஆகஸ்ட் 28ஆம் தேதி பிரதிநிதிகள் சபை ஷெர்மன் சட்டத்தை ரத்து செய்தது.

மறுநாள் குட்டு உடைந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இங்கே உடன் வந்தவர் வாயை மூடவே ஏற்பாடில்லை. ஹாஸ்ப்ரூக் வேறொரு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. படகில் மாட்டிக்கொண்டதில் தாமதம். ஏன் இவ்வளவு லேட் என்று அங்கே காத்திருந்த டாக்டர் கடுகடுக்க, பல் டாக்டர் காரணத்தைச் சொல்லிவிட்டார். அது ஊர்ந்து ஊர்ந்து, ‘ஹாலண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த நிருபர் எட்வர்ட்ஸ் காதுக்குப் போனது. அவர் நேரே ஹாஸ்ப்ரூக்கிடம் போய் விசாரித்து, உறுதி செய்துகொண்டு, ஆகஸ்ட் 29ஆம் தேதி ‘ஃபிலடெல்ஃபியா பிரஸ்’ பத்திரிகையில் எழுதினார். படகு, டாக்டர்கள், தாடை, எல்லாம் கிட்டத்தட்டச் சரி.

யாரும் நம்பவில்லை. உண்மை பேசுகிற மனிதர் என்று பெயரெடுத்தவரின் ஆட்கள் மறுக்கிறார்கள். தகவல் சொல்பவரோ ஒரே ஒரு நிருபர். போட்டிப் பத்திரிகைகள் எட்வர்ட்ஸைப் புளுகன் என்று கிழித்தன. பெனடிக்ட், வெறும் பல்வலி என்று சாதித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஜனாதிபதியின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. செப்டம்பர் 5ஆம் தேதி வாஷிங்டனில் அவர் மேடையேறி, கணீரென்று பேசி ஒரு மாநாட்டைத் திறந்து வைத்தார். என்ன மாநாடு? அகில அமெரிக்க மருத்துவ மாநாடு. கூடம் நிறைய டாக்டர்கள். வாயில் ரப்பர் தாடையோடு ஒருவர் எதிரே நின்று பேசுவதை அத்தனை பேரும் கைதட்டி ரசித்தார்கள்.

அக்டோபர் 30ஆம் தேதி செனட்டும் சட்டத்தை ரத்து செய்தது. சட்டம்தான் ரத்தானது, மந்தம் ரத்தாகவில்லை. அது இன்னும் சில வருடம் நாட்டைப் படுத்தி எடுத்தது. எந்தப் பொருளாதாரத்தைக் காப்பாற்ற இவ்வளவு பொய்யோ, அதற்கு இந்தத் தாடையால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

கிளீவ்லாண்ட் 1908 வரை இருந்தார். அந்தப் புற்று திரும்பவே இல்லை. 1917இல், 80 வயது கீன் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் முழுக் கதையையும் எழுதி, எட்வர்ட்ஸ் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். 24 வருடம் புளுகன் பட்டம் சுமந்தவருக்கு அப்போதுதான் விடுதலை. கீனுக்கு ஜனாதிபதி ராசி அதோடு விடவில்லை. 1921இல், பின்னாளில் ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்டுக்குக் கால் விழுந்தபோது பார்க்கப் போனவர், முதுகுத்தண்டில் ரத்தக்கட்டி என்று சொல்லி 600 டாலருக்கு பில் அனுப்பினார். வந்திருந்தது போலியோ.

எடுத்த கட்டி இன்று ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் ஜாடியில் இருக்கிறது. ஒட்டிப்பிறந்த சாங், எங் சகோதரர்களின் கல்லீரலும் அதே கட்டடத்தில்தான். பிற்காலத்தில் கிளீவ்லாண்டின் கட்டியை ஆராய்ந்த டாக்டர்கள் 1980இல் முடிவை வெளியிட்டார்கள்: வெருக்கஸ் கார்சினோமா என்ற வகைப் புற்று. மெதுவாக வளரும், வேறு உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம், முழுசாக எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. அந்த வகைக்குப் பெயர் கிடைத்ததே 1948இல்தான். பெயர் தெரியாத நோயைச் சரியான நேரத்தில், சரியான அளவுக்கு அறுத்தெடுத்துவிட்டு, அந்தச் சாதனையைப் பற்றி 24 வருடம் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள் அந்த டாக்டர்கள். அவர்களுடைய கை அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான், உண்மை எழுதியவன் பொய்யன் ஆனான். இந்தக் கதையில் நஷ்டஈடு கிடைக்க வேண்டியவர் எட்வர்ட்ஸ் ஒருவர்தான், கிடைக்கவில்லை.

ரகசியத்தை விட்டுத் தள்ளுங்கள். கிளீவ்லாண்ட் ஒன்றைச் சரியாகச் செய்தார். வாயில் இருந்த புண்ணை டாக்டரிடம் காட்டினார், எடுக்கச் சொன்னதும் சில நாளில் எடுத்துக்கொண்டார். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் பீடி, சிகரெட்டை விடாதவர்களும் நிறைந்த நம் ஊரில் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம். வாய்க்குள் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் பல் டாக்டரிடமோ தாடை சர்ஜனிடமோ காட்டிவிடுங்கள். இப்போது ஸ்கேன் இருக்கிறது, பயாப்ஸி இருக்கிறது, அரசு பல் மருத்துவமனை இருக்கிறது. கப்பல் தேவையில்லை.