இல்லாத ஆணையத்துக்கு ஓர் ஐந்து ரூபாய்க் கடிதம்

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
அஞ்சல் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் (இன்னும் அமைக்கப்படவில்லை),
புது தில்லி.

பொருள்: தாங்கள் இல்லாதது தொடர்பாக.

ஐயா அல்லது அம்மா,

தாங்கள் நலமா என்று கேட்க வழியில்லை. தங்கள் விலாசத்தைக் கேட்டு நான் ஏறி இறங்காத படி இல்லை. தொலைபேசிக்கு 1997 முதல் டிராய் என்ற ஆணையம் இருக்கிறது. மின்சாரத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆணையம் இருக்கிறது. 2022இல் கட்டணத்தை ஏற்றுவதற்கு முன்னால் கோவை, மதுரை, சென்னை என்று கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். சிறுதொழில்காரர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வயிற்றெரிச்சலைக் கொட்டினார்கள். ஆணையம் பொறுமையாகக் கேட்டது. பிறகு ஏற்றியது. ஏற்றினாலும் கேட்டுவிட்டு ஏற்றினார்கள் பாருங்கள், அந்த மரியாதை தபாலுக்கு இல்லை. இங்கே கத்துவதற்கு ஒரு மைக் கூடக் கிடையாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிற்றிதழ் நடத்துகிறேன். அட்டையில் 'காலாண்டிதழ்' என்று இருக்கும். வருடத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். முறையான பதிவு எண் கிடையாது, ஆகவே பத்திரிகைகளுக்கான சலுகைத் தபாலும் கிடையாது. என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றியது, அச்சடித்ததை மலிவாக அனுப்ப உதவிய புக் போஸ்ட். கவரின் வாயை ஒட்டாமல் உள்ளே மடித்துவிட்டு, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் போதும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஊர் ஊராகப் போனதும் அப்படித்தான்.

2024 டிசம்பரில் ஒருநாள், நாற்பது பிரதிகளைக் கட்டைப் பையில் தூக்கிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா முதல் கவரைத் தராசில் வைத்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புக் போஸ்ட் இல்லை சார். சிஸ்டத்துல எடுத்துட்டாங்க."

"எப்போ?"

"காலையில வந்து திறந்தேன். இல்லை."

அவருக்கே அன்று காலைதான் தெரியும். அவரிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. மாற்று வழி வர மே மாதம் ஆயிற்று. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்': 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நல்லதுதான். ஆனால் குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளிவரும் இதழ்களுக்கு இடமில்லையாம். என் இதழ் அப்படி வெளிவருவதில்லை என்பதற்குச் சந்தாதாரர்கள் எழுதிய வசவுக் கார்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. தாங்கள் இருந்திருந்தால் சாட்சியமாகத் தாக்கல் செய்திருப்பேன்.

கார்டு என்றதும் ஞாபகம் வருகிறது. 50 பைசாவுக்கு ஒரு கார்டு கேட்டால், "சில்லறை இல்லை, ரெண்டா வாங்கிக்கங்க" என்கிறார்கள். எட்டணாக் காசு செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது, வாங்குகிற கையைத்தான் காணோம். அந்தக் கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க 2016-17இல் துறைக்கு ஆன சராசரிச் செலவு 12 ரூபாய் 15 பைசா. 20 கிராம் கவருக்கு 2001 முதல் அதே 5 ரூபாய்தான். தள்ளுபடி விற்பனையில்கூட இப்படிக் கண்டதில்லை.

காரணம் லேசானது. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில் கார்டு, இன்லேண்ட், கவர் கட்டணமெல்லாம் அட்டவணையாகவே இருந்தன. மாற்ற வேண்டுமென்றால் நிதி மசோதாவோடு நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். பட்ஜெட் அன்று 'கார்டு விலை ஏறுமா' என்று வீட்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஞாபகம் எனக்கு உண்டு. எந்த நிதியமைச்சர் கார்டில் கை வைத்துக் கெட்ட பெயர் வாங்குவார்? பயத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். 2024 ஜூன் 18 முதல் புதிய அஞ்சல் சட்டம். கட்டணத்தை இனி துறையின் தலைமை இயக்குநரே விதிமுறை போட்டு நிர்ணயிக்கலாம். விற்பவரும் அவர், விலை எழுதுபவரும் அவர். முன்பு ஏற்ற ஆளில்லை, இப்போது தடுக்க ஆளில்லை.

2025 அக்டோபர் 1 முதல் ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். 20 கிராம் கடிதத்தை 22 ரூபாய்க்குப் பதிவு செய்து அனுப்பிய காலம் போயிற்று. உள்ளூருக்குள் 19 ரூபாய், வெளியூர் என்றால் 47. பதிவுக்கு மேலே 5 ரூபாய். எல்லாவற்றுக்கும் வரி தனி. செக் திரும்பி வந்தவர், வாடகை வராதவர், பாகப்பிரிவினையில் அண்ணனோடு பேச்சில்லாதவர் எல்லோருடைய வக்கீல் நோட்டீசும் இனி வேகமாகத்தான் போகும். அவசரமில்லை, மெதுவாகவே போகட்டும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா என்று யாரைக் கேட்பது?

தாங்கள் வந்துவிட்டால் விலை குறையும் என்று நான் கனவு காணவில்லை. பிரிட்டனில் 2011 முதல் ஆஃப்காம் என்ற ஆணையம் தபாலைக் கவனிக்கிறது. அங்கே முதல் வகுப்புத் தபால் தலை 2012இல் 60 பென்ஸ், 2025 ஏப்ரலில் 1.70 பவுண்ட். முதல் வகுப்பைத் தபால் நிறுவனமான ராயல் மெயிலின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்புக்கு மட்டும் உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புத் தலை 2025 ஏப்ரலில் 87 பென்ஸ். கடிதங்கள் தாமதமாகச் சேர்ந்ததற்காக 2025இல் 2 கோடியே 10 லட்சம் பவுண்ட் அபராதமும் போட்டார்கள். அபராதத் தொகையைப் படித்தபோது சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆணையம். அஞ்சல் துறை விலையை ஏற்றுமுன் அதனிடம் கணக்கைக் காட்டியாக வேண்டும், விலைவாசியை ஒட்டி ஒரு வரம்பும் உண்டு. அப்படியும் தபால் தலை 2025 ஜூலையில் 78 சென்ட் ஆகிவிட்டது. ஏறத்தான் செய்கிறது. ஏறுவதற்கு முன்னால் ஏன் என்று எழுதி வைக்கிறார்கள்.

எனக்குக் கார்டு 5 ரூபாய் ஆனாலும் சம்மதம். கவுண்டர் அம்மாவுக்கு முந்தின நாளாவது தகவல் சொல்லுங்கள்.

இக்கடிதத்தை எதில் அனுப்புவது என்று வெகுநேரம் யோசித்தேன். கார்டில் அடங்காது. ஞான் போஸ்ட்டுக்கு இதில் ஞானம் போதாது. பதிவு செய்தால் 52 ரூபாயும் வரியும் ஆகிறது, இல்லாதவரின் கையெழுத்துக்கு அது அதிகம். ஆகவே 5 ரூபாய்த் தலை ஒட்டி, முக்குப் பெட்டியில் போடுகிறேன். 'பெறுநர் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தால், அதையே தங்கள் ஆணையத்தின் முதல் உத்தரவாக வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா வராத ஓர் ஆசிரியன்