நோட்ஸ் வரும் முன்னே

பள்ளி ஆங்கிலப் பாடத்தில் வரும் பழைய நாவல்களைப் படித்தால் எங்கள் வ.உ.சி. துறைமுகத்தில் வேலை கிடைக்குமா? – ஒரு வாசகர், தூத்துக்குடி

படித்தால் தெரியாது, எழுதினால் கிடைக்கலாம்! 1851-இல் வந்த 'மோபி டிக்' தன்னை எழுதிய மெல்வில்லுக்குச் சோறு போடவில்லை. நியூயார்க் துறைமுகத்துச் சுங்க இலாகாதான் 19 வருஷம் போட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதே நாவல் பாடமாகி, அமெரிக்கப் பிள்ளைகளை வகுப்பில் தூங்க வைக்கிறது.

உங்கள் ஊர்ப் பரதவர்களின் கதையான 'கொற்கை'யை எழுதிய ஜோ டி குரூஸும் கப்பல் தொழில்காரர்தான். 2013-இல் சாகித்ய அகாதமி விருது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஐந்து மதிப்பெண் வினாவாக மாறுவதற்குள் படித்துவிடுங்கள். மாறிவிட்டால் நோட்ஸைத்தான் படிப்பீர்கள்!