தகவல் அக்கா

தகவல் அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியும். மற்றபடி கோவை சாயிபாபா காலனியில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்திலும், காலையில் கால்வீசி நடக்கும் ரேஸ்கோர்ஸ் பாதையிலும் அவர் தகவல் அக்காதான். இவரைப் போல ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். மதுரையில் மதினி, நாகர்கோவிலில் மயினி, மாம்பலத்தில் மாமி. பேச்சு வழக்கு மாறும், வைத்தியம் மாறாது.

வயது 58. மாதவிடாய் நின்று ஒன்பது வருடம் ஆயிற்று. அந்த நாட்களைப் பற்றி, கார்கில் போய்த் திரும்பிய சுபேதார் மாதிரி பேசுவார்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் யாராவது துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தால் போதும், அக்காவின் நடை நின்றுவிடும். "என்ன அம்முணி, குப்புனு வேர்க்குதா? காதெல்லாம் சுடுதா? ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருதா?" மூன்றுக்கும் ஆமாம் என்றே பதில் வரும். "ஆமாங்க்கா, உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே அக்கா தினமும் வாக்கிங் போகிறார் என்பது அவருடைய வீட்டுக்காரரின் கருத்து.

கண்டுபிடிப்பில் அக்கா அநேகமாகத் தவறுவதில்லை. 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்த அறிகுறிகளே போதும், ஹார்மோன் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயதில் ஹார்மோன் அளவு நாளுக்கு ஒரு விதமாக ஏறி இறங்கும். இன்றைய அளவை வைத்து நாளையைச் சொல்ல முடியாது. மகளிர் தினத்துக்குச் சலுகை விலையில் விற்கப்படும் 'ஹார்மோன் பேக்கேஜ்'களைவிட அக்காவின் மூன்று கேள்விகள் மேல். காசும் மிச்சம். சிக்கல் அவருடைய நான்காவது வாக்கியத்தில்தான் தொடங்குகிறது.

"அது சூடு, அம்முணி."

அக்காவின் சாஸ்திரத்தில் நோய்க்குக் காரணங்கள் மூன்றே: சூடு, வாய்வு, கண்ணேறு. சூட்டுக்கு ஊறவைத்த வெந்தயம், நன்னாரி, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். இடுப்புக்கு உளுந்தங்களி, எள்ளுருண்டை. எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி. உளுந்தும் எள்ளும் நல்ல சாப்பாடுதான், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த 'குப்பென்ற' வேர்வையின் ஊற்று வயிற்றில் இல்லை, மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ஹைப்போதலாமஸில் உள்ள வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. உடம்பு லேசாகச் சூடானாலே பெரிய சூடு என்று எண்ணி, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிட்டு வேர்வையைக் கொட்டுகிறது. அக்கா சொன்ன சூடு நிஜம், முகவரிதான் தப்பு.

"ஆறு மாசம் பொறுத்துக்கோ, தானா சரியாயிரும்" என்பார். அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வு 2015-இல் சொன்ன இடைநிலைக் கணக்கு 7.4 ஆண்டுகள். ஏழாவது மாதமும் வேர்த்தால், அக்காவை நம்பிய பெண் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி அடுத்த பொடிக்குப் போகிறாள்.

வாய்வழிச் செய்தியோடு நின்றிருந்தால் அக்காவின் செல்வாக்கு நடைபாதையைத் தாண்டியிருக்காது. கையில் போன் வந்தது. இப்போது ஏழு வாட்ஸ்ஆப் குழுக்கள், அவற்றில் நான்குக்கு அவரே அட்மின். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறிவந்த செய்திக்கு வாட்ஸ்ஆப் இரட்டை அம்புக்குறி போடும். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும். கண்டதும் பரவுவதைத் தடுக்க வைத்த கட்டுப்பாடு அது. அக்கா அந்த அம்பை ஹால்மார்க் முத்திரை என்று நினைக்கிறார். "ரெண்டு அம்பு இருக்குது பாரு, நம்பிக்கையான மெசேஜ்" என்று சொல்லி, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக, காபி ஆற ஆற, அனுப்புகிறார்.

அவருடைய கையிருப்பிலேயே கேட்பவரைத் துள்ள வைப்பது குதிரைச் செய்தி. "ஹார்மோன் மாத்திரைங்கறாங்களே, அது குதிரை மூத்திரத்துல செய்யறதாம்!" கேட்டவர்கள் சிரித்தார்கள். மாடி வீட்டுப் பொறியாளர் பொய்ச்செய்தி என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அது உண்மை. 1942-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் பிரமரின் என்ற மாத்திரை சினைக்குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான். அக்கா ஜெயித்த ஒரே நாள். பொறியாளர் இன்றும் லிஃப்டில் அவரைத் தவிர்க்கிறார். எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கும் ஹார்மோனும் அதுதான் என்று அக்கா நினைத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். தாவர மூலத்திலிருந்து ஆய்வகத்தில் செய்த ஈஸ்ட்ராடையால் நெடுங்காலமாகக் கிடைக்கிறது.

அடுத்த செய்தி இன்னும் வலுவானது: "ஹார்மோன் எடுத்தா கேன்சர்." இதற்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் 'உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு அதிகம் என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. மருந்தில்லாமல் ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வருவது மருந்தோடு 38 ஆனது என்பதும் அதே கணக்குதான். எட்டுப் பேர் என்றால் ஒரு பெண் யோசித்து முடிவெடுப்பாள்; 26 விழுக்காடு என்றால் மாத்திரையைக் குப்பையில் போடுவாள். லட்சக்கணக்கானோர் அப்படித்தான் போட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது தலைப்பில் ஏறவில்லை. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் பெண்ணுக்குக் கணக்கு வேறு. மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கும், ரத்தக் கட்டி வந்தவருக்கும் அதுவும் வேறு. இவ்வளவையும் ஒரு குட்மார்னிங் படத்தில் ரோஜாவுக்குப் பக்கத்தில் எழுத இடமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்காவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அவருக்குக் கடல் கடந்த சொந்தக்காரர்கள் உண்டு. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் பெண்மை என்றும் போகாது என்று ஒரு புத்தகம் எழுதி, ஏராளமாக விற்றார். மாதவிடாய் நின்ற பெண்ணை அவர் நோயாளி என்றே எழுதினார். 1975-இல் ஈஸ்ட்ரோஜன் தனியாகச் சாப்பிடுவோருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் கூடுவதாக ஆய்வுகள் வந்தன. புத்தகச் செலவை மருந்து நிறுவனம்தான் ஏற்றது என்று பிற்காலத்தில் அவருடைய மகனே சொன்னார். நம் அக்கா யாரிடமும் காசு வாங்குவதில்லை. ஆனால் அவர் அனுப்பும் செய்திகளின் அடியில், 'மேலும் படிக்க'வை அழுத்தினால் மட்டும் தெரியும் இடத்தில், லேகியத்துக்கு ஆர்டர் எடுக்கும் ஒரு போன் நம்பர் இருக்கும். அக்கா அதுவரை படிப்பதில்லை.

அவர் சொல்வதில் சிரிக்க முடியாதது ஒன்றுண்டு. "புள்ளை பெத்தாச்சுல்ல, இனி அந்தப் பை எதுக்கு? எடுத்துப்போட்டு நிம்மதியா இரு." மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019-இல் அரசு கணக்கெடுத்தபோது, கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் 13,000-க்கும் மேல். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அபராதம். ஆகவே மாதவிடாயையே நிறுத்திக்கொண்டார்கள். சினைப்பைகளும் சேர்ந்து போனால் முப்பது வயதிலும் மெனோபாஸ் மறுநாளே வரும்; எலும்பும் இதயமும் அதற்குரிய விலையைக் கொடுக்கும். அக்கா இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருடைய அம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

இத்தனைக்கும் பெண்கள் ஏன் அவரிடமே போகிறார்கள்? டாக்டரிடம் டோக்கன் நம்பர் 63. உள்ளே போனால் மாத்திரைச் சீட்டு, அடுத்தவரின் பெயர். இந்திய மெனோபாஸ் சொசைட்டி 1995-இலிருந்து இருக்கிறது. அதன் வழிகாட்டுதல்கள் மருத்துவர்களுக்காக மருத்துவர்கள் எழுதியவை. அக்காவோ இரண்டு சுற்று முழுவதும் காது கொடுப்பார். கணவரிடம் பேச முடியாத வறட்சியையும் வலியையும் அவரிடம் சொல்லலாம். கேட்டபின் அவர் சொல்வது தப்பாக இருந்தாலும், கேட்டது நிஜம்.

போன மார்கழியில் அக்காவின் நாத்தனாருக்கு, மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆனவருக்கு, லேசாக ரத்தம் பட்டது. "சூடுதானுங்க, பொடி தாரேன்" என்று அக்கா டப்பாவைத் திறந்தார். நாத்தனாரின் மகள் நர்சிங் படிக்கிறாள். டப்பாவை மூடி, இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி, ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அந்த மருத்துவர் அன்று அதிசயமாக நேரம் எடுத்துக்கொண்டார். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான், ஆனால் நூற்றில் ஒன்பது பத்துப் பேருக்குப் புற்றுநோயாக இருக்கலாம், பார்க்காமல் விடக்கூடாது என்று தாளில் வரைந்து காட்டினார். அக்கா மூன்று முறை குறுக்கே பேசினார், நான்காவது முறை கைப்பையிலிருந்து பேனா எடுத்தார். ஸ்கேனில் தெரிந்தது ஒரு சின்னச் சதை. எடுத்துப் பரிசோதித்ததில் கெடுதல் இல்லை.

அன்றிரவு ஏழு குழுக்களிலும் புதுச் செய்தி வந்தது. "அமெரிக்க விஞ்ஞானிகள் அதிர்ச்சி!!! பீரியட்ஸ் நின்னு 1 வருஷம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே லேடி டாக்டரைப் பார்க்கவும். சூடு என்று சும்மா இருக்க வேண்டாம். படித்த பத்து நிமிடத்தில் 11 பேருக்கு அனுப்பினால் வீட்டில் நல்ல சேதி வரும்."

இரண்டு நாளில் அது திருப்பூரைச் சுற்றி, அக்காவின் சம்பந்தி வழியாக அவருடைய போனுக்கே திரும்பி வந்தது. இரட்டை அம்போடு. வார்த்தை மாறவில்லை, அடியில் மட்டும் யாரோ லேகியத்தின் போன் நம்பரைச் சேர்த்திருந்தார்கள்.