நடுச்சில்லு

"இதென்ன, ஓட்டோவைத் திருப்பி வைச்சிருக்கினம்?"

என் புது வண்டியை ஒருதரம் சுற்றி வந்துவிட்டு மனைவி கேட்ட முதல் கேள்வி இது. ஊரில் ஓட்டோவுக்கு முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. இந்த மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. எனக்குச் சுள்ளென்று வந்தது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை இப்படியா சொல்வது என்று அன்றிரவு வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஓட்டோக்களின் மூதாதையான 'ஆப்பே'யை 1948இல் செய்தது இத்தாலியின் பியாஜியோ கம்பனி. 2006இல் முன்னால் இரண்டு சில்லு பூட்டிய 'எம்பி3' ஸ்கூட்டரை விட்டதும் அதே பியாஜியோ. திருப்பித்தான் வைத்திருக்கிறார்கள். மனைவியிடம் நான் அதைச் சொல்லவில்லை.

எம்பி3 திரும்பும்போது சாயும். அடுத்த வருடம் கியூபெக்கிலிருந்து வந்த 'ஸ்பைடர்' சாயாது. என்னுடையதும் சாயாத வகை. அதன் பெயர் இங்கே வேண்டாம். குற்றம் யாருடையது என்பது கடைசியில்தான் தெரியவந்தது.

58 வயதில் எனக்கு ஏன் இந்த ஆசை என்று ஸ்காபரோவில் கேட்காத ஆள் இல்லை. காரணம் முழங்கால். இரண்டு சில்லு வண்டி என்றால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் காலை ஊன்றவேண்டும். மூன்று சில்லு தானாகவே நிற்கும். பின்னால் போகவும் கியர் இருக்கிறது. முழங்காலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் ஒருவரும் சொல்லவில்லை.

முதல் பயணம் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எல்ஸ்மியருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கென்னடி வீதியில் சிநேகிதர் வீட்டில் மதியச் சாப்பாடு. மனைவி இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பைக்குள் வைத்தாள். அதன்பிறகு ஹெல்மெற். கொண்டை உள்ளே போகவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னினாள்; பின்னல் போனது, தோடு போகவில்லை. தோட்டைக் கழற்றினாள். "கலியாணத்துக்குக்கூட நான் இவ்வளவு நேரம் எடுக்கேல்லை," என்றபடி ஏறி உட்கார்ந்தாள்.

கனடா வீதியைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லவேண்டும். தாரில் விழுந்த வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும். உறையும்போது அது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும், வெடிப்பு விரியும். மறுநாள் வெயிலுக்கு உருகும், இரவில் மறுபடி உறையும். மாரி முழுக்க இந்த வேலை நடக்கும். சித்திரை பிறக்கும்போது வீதியில் அம்மிக்குழியும் இருக்கும், ஆட்டுக்கல் குழியும் இருக்கும்.

இரண்டு சில்லு வண்டிக்காரன் குழியைக் கண்டால் வெட்டி ஓடிவிடுவான். கார்க்காரன் அதை இரண்டு சில்லுக்கும் நடுவில் விட்டுவிடுவான். மூன்று சில்லுக்காரனும் அப்படித்தான் நினைப்பான். மார்க்கம் வீதியில் லோரன்ஸைத் தாண்டியதும் ஒரு குழி வந்தது. கைதேர்ந்த ஓட்டுநர்போல இடச்சில்லை இந்தப் பக்கமும் வலச்சில்லை அந்தப் பக்கமும் விட்டு, குழியை நடுவால் விட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கணம் என் பிடரியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

நடுவில் ஒரு சில்லு வந்துகொண்டிருக்கிறது என்பதை மறந்துபோனேன். அந்தச் சில்லுக்கு மேலேதான் மனைவி இருக்கிறாள். நான் தப்பிய குழிகள் எல்லாவற்றிலும் அவள் விழுந்தாள். அவளுடைய ஹெல்மெற் என்னுடைய ஹெல்மெற்றில் முட்டிய கணக்கு, எக்ளிங்டனுக்கு வரும்போது பதினொன்று.

எக்ளிங்டனில் வலப்பக்கம் திரும்பினேன். சாயும் வண்டி என்றால் ஆளும் வண்டியோடு சேர்ந்து சாய்வார். தள்ளுகிற விசை ஆசனத்துக்குள் நேராக இறங்கிவிடும். இது கார்போல நிமிர்ந்தபடி திரும்பும். வண்டி வலப்பக்கம் போக, மனைவி இடப்பக்கம் போனாள். காருக்குக் கதவு இருக்கிறது, சாய்ந்துகொள்ளலாம். இங்கே நான் ஹாண்டிலைப் பிடித்திருக்கிறேன். அவள் என்னைப் பிடித்திருக்கிறாள். என்னில் பிடிப்பதற்கு வசதியாக இருப்பது வயிறு ஒன்றுதான். அதை அவள் பிடித்த பிடியில் அடுத்த திருப்பம்வரை நான் மூச்சு விடவில்லை.

சிநேகிதர் வீட்டில் பெட்டியைத் திறந்தோம். இடியப்பமாக ஏறியது புட்டாக இறங்கியிருந்தது. சிநேகிதரின் மனைவி நல்ல மனுசி. "புட்டு நல்லாக் குழைஞ்சிருக்கு," என்றார். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். திரும்பிவர சிநேகிதரின் காரில்தான் வந்தாள்.

இரவு நான் மெதுவாகப் பழைய கதையை எடுத்தேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. எம்டி 90 மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடுவோம். மண்ணெண்ணெயும் இல்லாவிட்டால் சைக்கிள். இதே மனுசி சீலையோடு சைக்கிள் கரியரில் ஒருபக்கமாக இருந்து, மடியில் பிள்ளையும் கையில் குடையுமாகக் கொக்குவிலில் இருந்து சாவகச்சேரி மட்டும் வந்தவள். கரியரில் ஸ்பிரிங் கிடையாது, குஷன் கிடையாது. ஒருநாளும் ஒரு முறைப்பாடும் இல்லை.

"அப்ப நீர் ஒண்டும் சொல்லேல்லையே?"

"அப்ப எனக்கு இருபத்துநாலு வயசு. ஸ்பிரிங் எனக்குள்ளை இருந்தது," என்றாள். "இப்ப அது வண்டியிலைதான் இருக்கவேணும்."

சிநேகிதர்களிடம் யோசனை கேட்டேன். ஒருவர் பின்ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு விலைகூடிய ஒன்றைப் போடச் சொன்னார். இன்னொருவர் ஜெல் குஷன் என்றார். மூன்றாமவர் வண்டியை விற்கச் சொன்னார். வாங்குவதற்குத் தானே தயார் என்றும் சொன்னார். கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை.

"அண்ணை, கம்பனி பூட்டின ஸ்பிரிங் போதும். அது தனி ஆளுக்கெண்டு வைச்சு வந்திருக்கு. ரெண்டு பேருக்கெண்டு நீங்கள் மாத்தினீங்களோ?"

மாற்றலாம் என்பதே எனக்குத் தெரியாது. பின்ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தி வைக்கும். "ஸ்பிரிங் கடினமாகிறதெண்டு நினைக்காதேங்கோ. அது அதே ஸ்பிரிங்தான். வண்டி நிக்கிற உயரம்தான் கூடும். குழி வரேக்கை கீழே இறங்க இடம் இருக்கும்," என்றார். பின்சில்லு மேலும் கீழும் போக மொத்தம் 15 செண்டிமீற்றர். ஆட்கள் ஏறி இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அமுங்கக்கூடாது. "அக்காவையும் இருத்திப்போட்டு அளந்து பாருங்கோ. இல்லாட்டி அக்கான்ரை நிறையைக் கேளுங்கோ."

முப்பது வருட இல்லறத்தில் நான் கேட்காத கேள்வி அது. இனியும் கேட்கும் உத்தேசம் இல்லை.

எங்கள் கராஜில் 40 இறாத்தல் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து மூன்றைத் தூக்கிப் பின்னாசனத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினேன். மேலே ஹெல்மெற்றையும் கவிழ்த்தேன். அளவுநாடாவோடு மகன் கீழே குந்தினான். முதலில் மூட்டைகளை இறக்கிவிட்டு, பின்சில்லு நிலத்தில் படாமல் தூக்கி வைத்து வெறும் வண்டியை அளந்தான். பிறகு வண்டியை இறக்கி என்னை மட்டும் ஏறச் சொன்னான். பிறகு மூட்டைகளோடு நான். அளந்து முடித்ததும் எழும்பாமல் நிலத்தில் இருந்தபடியே சிரித்தான்.

"அப்பா, அம்மா பிரச்சினை இல்லை. நீங்கதான்."

நான் தனியே ஏறும்போதே ஆறு செண்டிமீற்றர் போய்விட்டது. மூட்டைகளோடு ஒன்பதரை. குழிக்கு மிச்சம் இருந்தது ஐந்தரை. பின்னால் இருப்பவளின் பங்கு முழுவதையும் முன்னால் இருந்த 94 கிலோ அவளுக்கு முன்பே சாப்பிட்டுவிட்டது. மனைவியை முட்டியது மார்க்கம் வீதிக் குழி மட்டும் இல்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்த என் வயிறும்தான்.

ஆசனத்துக்குக் கீழே கிடந்த கொக்கி ஸ்பானரை எடுத்து வளையத்தைக் கடைசிப் படிமட்டும் திருப்பினோம். திரும்ப ஏறி அளந்தோம், ஏழு. மெக்கானிக் சொன்ன கணக்குக்கு இன்னும் இரண்டு பாக்கி. அதை எந்த ஸ்பானராலும் திருப்பமுடியாது என்று மகன் சொன்னான். வாயைத் திறக்காமல் இருக்க இருபது டொலர் கேட்டான், கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கராஜ் கதவு எழும்பியது. மனைவி நின்றாள். பின்னாசனத்தில் கயிறு கட்டி, ஹெல்மெற் போட்டபடி அரிசி மூட்டைகள். அவள் நீண்ட நேரம் பார்த்தாள். விளக்கம் கேட்கவில்லை. மெல்ல எண்ணினாள்.

"மூண்டோ?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் வீட்டில் சோறு கிடையாது. அரிசி வண்டியில் எல்லோ இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கெஞ்சிக் கூத்தாடி அவளை ஏற்றினேன். அதே மார்க்கம் வீதி, லோரன்ஸுக்கு அப்பால் அதே குழி. ஒதுங்க இடமில்லை, பக்கத்தில் பஸ். குழி நடுவால் வந்தது. நான் பிடரியை இறுக்கிக்கொண்டேன். வண்டி ஒருதரம் அமுங்கி எழும்பியது. 'டொக்' வரவில்லை.

சிவப்பு விளக்கில் நின்றோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, அந்தக் குழியை மூடிப்போட்டாங்கள் போல."

உண்மையைச் சொல்வதானால் அளவுநாடாவில் தொடங்கவேண்டும். தொடங்கினால் அது என் வயிற்றைச் சுற்றித்தான் முடியும்.

"ஓமப்பா," என்றேன். "நேற்றுத்தான் மூடினவங்கள்."